அழுகாச்சி அக்காவின் நிஜ மூச்சு

அவளுக்குத் தொழில் அழுவது. குடும்பம் ஓடுவதில் பாதி அவள் அழுது சம்பாதித்ததில்தான். திரையில் முகம் காட்டுகிற நடிகைகள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அழகாக நிற்பார்கள். அதற்கு மேல் வந்து விழுகிற விம்மல், விசும்பல், கேவல், கடைசி மூச்சு அத்தனையும் இவளுடையது. டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு அழுகாச்சி அக்கா என்று பெயர். வசனம் பேச ஆள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாயைச் சாகடிக்க வேண்டுமென்றால் இவளுக்குத்தான் போன் போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சை விற்றுப் பிழைக்கிறவளுக்கு மூச்சோடுதான் தகராறு. வேலை கிடைத்ததும் அதனால்தான். தோழி ஒருத்திக்குக் குரல் தேர்வு என்று துணைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் படுத்துவிட்டது. ஸ்டூடியோவோ கட்டடத்தின் உச்சியில். படியேறி வந்து சேர்ந்தபோது தோழி பவுடர் கலையாமல் நின்றாள், இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "யாரும்மா அது? இந்த மூச்சு எனக்கு வேணும்" என்றார். தோழிக்கு வசனம் கிடைக்கவில்லை. இவளுக்கு ஒரு பிரசவக் காட்சி கிடைத்தது. அந்த லிஃப்டைச் சரிசெய்ய ஆடி அசைந்து வந்த மெக்கானிக்கைத்தான் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாள். அன்று தாமதமாக வந்ததற்கு அந்த மனிதர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா உனக்கு வேலையும் கிடைச்சிருக்காது, நானும் கிடைச்சிருக்க மாட்டேன்" என்பார்.

அழுகை என்றால் கத்துவது என்று நினைக்கிறவர்கள் வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சத்தம் உள்ளே இழுக்கிற மூச்சில் இருக்கிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. விக்கி விக்கி இழுப்பாள், விடுவது காதில் விழாது. கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இதற்கென்று பதிவு அறையில் ஒழுங்குமுறைகள் உண்டு. வளையலைக் கழற்றிவிட வேண்டும், செருப்பு வெளியே. கைப்பையும் வெளியேதான், ஜிப் சத்தம்கூட மைக்கில் விழும் என்பதால். வயிறு கடமுடவென்றால் அதுவும் பதிவாகும், ஆகவே இரண்டு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு உள்ளே போவாள். அப்புறம் மெத்தை வைத்துத் தைத்த சுவர்களுக்கு நடுவில், மைக்குக்கு முன்னால் நின்று, கண்ணை மூடாமல் திரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பாரி வைப்பாள்.

இத்தனை வருஷமாக ஆஸ்துமாவும் அவளும் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருந்தார்கள். காலையும் இரவும் இன்ஹேலர், படுக்கப் போகுமுன் ஒரு மாத்திரை. நெஞ்சு டாக்டரம்மா பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்த அளவு அது. அதை மீறி அவள் ஒரு நாளும் நடந்ததில்லை.

ஆனால் வீட்டில் அவள் அழுகைக்கு ஐந்து பைசா மதிப்பில்லை. கோபத்தில் குரல் தழுதழுத்தால் மகள் மொபைலை விட்டுத் தலையை எடுக்காமலே, "அம்மா, இது போன வாரம் அந்த சீரியல்ல அழுத அழுகைதானே?" என்பாள். கணவர் ஒருபடி மேலே. "இது எந்தப் படம்?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடருவார். குறை சொல்லவும் வழியில்லை. புது ஃபிரிட்ஜுக்காக அவள் ஒரு தடவை சமையலறையில் தேம்பிக் காட்டி, காரியம் முடிந்ததும் மூக்கைக்கூடத் துடைக்காமல் சிரித்ததை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை.

பொய்யழுகைதான். ஆனால் அது பொய் என்று உடம்புக்கு யார் சொல்வது? நாள் முழுக்க பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனசு ஒரு மாதிரி கனத்துக் கிடக்கும். தூக்கம் வராது. காரணமில்லாமல் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். இதைக் கவனித்தது கணவரல்ல, அவருடைய தங்கை. மாடியில் குடியிருக்கிற நாத்தனார். சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். பில் போடும்போது யார் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பாதி வைத்தியம் கற்றவள். ஒரு நாள் மஞ்சள் பூப் படம் போட்ட ஒரு புட்டியைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தாள்.

"அண்ணி, இது மூலிகை. ஒரு பக்க விளைவும் கிடையாது. மனசு லேசாகும், தூக்கம் வரும். எங்க கடையில இதை வாங்கறவங்க யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதே இல்ல."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"எதுக்கா? அழறதையே தொழிலா வெச்சிருக்கீங்க. உள்ள எவ்வளவு சேர்ந்திருக்கும்! எங்க அண்ணனுக்கு லிஃப்ட் தவிர எதுவும் கண்ணுல படாது. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவள் அதை விழுங்கினாள். விழுங்கினது வீண் போகவில்லை. சில வாரங்களில் நன்றாகத் தூக்கம் வந்தது. பாத்திரங்கள் பிழைத்தன. நாத்தனாருக்கு வீட்டில் மரியாதை கூடியது.

பிரச்சினை வேறு வாசல் வழியாக வந்தது. மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. விடியற்காலையில் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள். அவசரத்துக்கென்று வைத்திருந்த நீல இன்ஹேலர் முன்பெல்லாம் பையின் அடியில் தூங்கும், இப்போது கையிலேயே குடியிருந்தது. ஒரு நாள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கியது.

"ரிகர்சலா?" என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. "ஆமா, நாளைக்கு ஒரு சாவு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மாவிடம் போகாமல் இல்லை. அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இன்ஹேலரை எப்படி இழுக்கிறாள் என்று செய்துகாட்டச் சொன்னார், வீட்டில் தூசியா, பூனையா, புதுப் பெயின்ட்டா என்று விசாரித்தார். கடைசியில், "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

சத்தியமாக அவள் பொய் சொல்லவில்லை. மருந்தைத்தானே கேட்டார்? நாத்தனார் கொடுத்தது இலை, பூ. சாப்பிட்ட கீரையையெல்லாமா டாக்டரிடம் ஒப்பிக்க முடியும்? டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு இரவு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். பத்து நாளில் ரத்தம் கொடுத்துவிட்டுத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார். அடுக்கடுக்காகப் பதிவு இருந்ததால் இவள் அதைத் தள்ளிப்போட்டாள்.

அப்படித் தள்ளிப்போட்ட நாட்களில் ஒன்றில்தான் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகனின் தாய் மாடிப்படியில் சரிகிறாள். மூச்சு முட்டுகிறது. மகனைக் கூப்பிட முடியாமல் தவித்து அடங்குகிறாள். பக்கத்தில் வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. நாய்க்குக் குரல் பைரவர். ஊரிலுள்ள நாய், நரி, ஆள் கிடைக்காவிட்டால் கழுதை வரைக்கும் அவர்தான். வீட்டில் மனைவிக்குப் பயந்து வாயே திறக்காத மனிதர், மைக் முன்னால் நின்றால் தெரு நாய்களே பதில் சொல்லும். இருவரும் ஒரே அறையில், ஆளுக்கொரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தம்பி.

ஏசி சில்லென்று இருந்தது. சுவர் மெத்தையில் பழைய தூசி வாசனை. அவளுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு இறுக்கம். இதை முடித்துவிட்டு வெளியே போய் இன்ஹேலரை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பை வழக்கம்போல் கதவுக்கு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

திரையில் தாய் விழுந்தாள். இவள் மூச்சை இழுத்தாள். முதல் இழுப்பு நடிப்பு. இரண்டாவதும் நடிப்புதான். மூன்றாவது உள்ளே போனது, திரும்பி வரவில்லை. விட முயன்றாள். கதவிடுக்கில் காற்று புகுந்தமாதிரி ஒரு மெல்லிய கீச்சொலிதான் வந்தது. மறுபடி இழுத்தாள், இடமில்லை. கையை அசைத்தாள். நடிக்கும்போது அவள் எப்போதுமே கையை அசைப்பவள்தான். ஹெட்ஃபோன் தலையிலிருந்து கழன்று மேஜைமேல் விழுந்தது. அதற்குள்ளிருந்து தம்பியின் குரல் சின்னதாக, உற்சாகமாகக் கேட்டது.

"பிரமாதம்க்கா! அப்படியே போங்க! நிறுத்தாதீங்க!"

நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைவிடப் பயங்கரமாக இன்னொன்றும் தெரிந்தது: இதை யாரும் நம்பப் போவதில்லை.

"அண்ணே, நாய் எங்க?" என்றது ஹெட்ஃபோன். "அண்ணே! குரைங்கண்ணே! அக்கா எங்கேயோ போயிட்டாங்க, நீங்க சும்மா நிக்கறீங்க!"

பைரவர் குரைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மைக்கில் நின்று வருஷக்கணக்காக அவள் அழுகையைக் கேட்டவர். அவள் சத்தம் எப்போதும் இழுக்கிற மூச்சில் இருக்கும். இது விடுகிற மூச்சில் வருகிறது. அவளுடைய உதடு வேறு நீலம் பாய்ந்திருந்தது, குரலால் அதைச் செய்ய முடியாது. மனிதர் ஒரே எட்டில் கதவை உதைத்துத் திறந்தார். "டேய்! நிஜம்டா! நிஜம்!" என்று அவர் போட்ட சத்தம் கட்டடத்தின் கீழ்த்தளம் வரை கேட்டதாம். பையைக் கவிழ்த்துக் கொட்டி, சீப்பு, சில்லறை, பிஸ்கட் பொட்டலத்துக்கு நடுவில் நீல இன்ஹேலரைப் பொறுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினார். தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எப்படி இந்தப் பக்கம் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. லிஃப்டில் அவளை நாற்காலியோடு வைத்துத்தான் இறக்கினார்கள். நல்ல வேளை, அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒரு மூடியை மாட்டி மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பினார்கள். ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். கணவர் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு ஓடிவந்து கட்டிலருகே நின்றார். அன்று அவர் எந்தப் படம் என்று கேட்கவில்லை. அவள் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, "நிஜமா முடியலன்னா நிஜமா முடியலன்னு சொல்லேன்மா" என்றார். சொல்லும்போதே அழுதார். பயிற்சி இல்லாத அழுகை, மூக்கு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போனது. இந்த மனிதரை எதற்கு இவ்வளவு பிடிக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்துக் குழம்பினார். "மாத்திரையைக் கூட்டியிருக்கேன். ஆனா ரத்தத்துல இருக்கவேண்டியதுல பாதிகூட இல்ல. ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

மூடிக்குள்ளிருந்து அவள் வேகமாகத் தலையாட்டினாள். கணவரும் சாட்சி சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் ஒரு பெரிய பையோடு வந்தாள். துண்டு, நைட்டி, சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் அடுக்கினாள். கடைசியாக அந்த மஞ்சள் பூப் புட்டி.

"இதை மறக்காம எடுத்துட்டு வந்துட்டேன் அண்ணி. இது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராதே."

டாக்டரம்மா புட்டியை எடுத்துத் திருப்பிப் படித்தார். "இதை எவ்வளவு நாளா சாப்பிடறாங்க?"

"மூணு மாசமா, டாக்டர். மூலிகைதான். பக்க விளைவே கிடையாது."

"செயின்ட் ஜான்ஸ் வொர்ட்னு ஒரு செடி. கெட்ட செடின்னு சொல்ல மாட்டேன். ஆனா இதோட குணம் ஒண்ணு இருக்கு. மருந்துகளை ஈரல் வெளியே அனுப்பற வேலையை இது முடுக்கிவிட்டுடும். இவங்க சாப்பிடற தியோஃபிலின் மாத்திரை ராத்திரி முழுக்க உடம்புல தங்கி மூச்சுக் குழாயைத் திறந்து வெச்சிருக்கணும். இது என்ன பண்ணுது? வந்த விருந்தாளி உட்கார்றதுக்குள்ள செருப்பை எடுத்துக் கையில குடுத்து அனுப்பிடுது."

நாத்தனார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. "அப்ப நான்தான் அண்ணியை..."

அவளுடைய குரல் உடைந்தது. கட்டிலில் கிடந்தவள் மூடியை விலக்கிவிட்டு, "ஏய், அழாதே. இழுக்கற மூச்சுல சத்தம் பத்தல" என்றாள். நாத்தனார் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா மூடியை மறுபடி மாட்டிவிட்டு, பேசக்கூடாது என்று விரலைக் காட்டினார்.

"நான் வேற மருந்து உண்டான்னு கேட்டேனே, ஏன் சொல்லல?" என்று பிறகு கேட்டார்.

"இலைன்னு நினைச்சேன் டாக்டர்."

"அது என் தப்பும்தான். இனிமே கேட்கிற கேள்வியை மாத்திக்கறேன். வாயில போடற எல்லாத்தையும் சொல்லுங்கன்னு கேட்கறேன்." அப்புறம் குரலைக் கடுமையாக்கினார். "இன்னொண்ணு. இந்தப் புட்டியை நிறுத்தியாச்சுன்னு நீங்க பாட்டுக்கு வீட்டுல நிம்மதியா இருந்துடக் கூடாது. இந்தச் செடியோட வேகம் குறையக் குறைய மாத்திரை ரத்தத்துல ஏறும். நான்தான் அளவைக் கூட்டி வேற வெச்சிருக்கேன். ஏறிட்டா வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகும். ரத்தம் பார்த்துப் பார்த்து நான்தான் குறைப்பேன். கூப்பிட்ட அன்னைக்கு வரணும். மனசு கனமா இருக்கறதுக்கும் வழி பார்க்கலாம், அதையும் என்கிட்டயே சொல்லுங்க."

ரத்தப் பரிசோதனைக்கு ஒவ்வொரு தடவையும் நாத்தனார்தான் அழைத்துப் போனாள். கடையில் இப்போது யாராவது மஞ்சள் பூப் புட்டியை பில்லுக்கு வைத்தால், "வேற மாத்திரை சாப்பிடறீங்களா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்று விசாரணை நடத்துகிறாள். வரிசை நீள்கிறது, மேலாளர் முறைக்கிறார். அவள் சட்டை செய்வதில்லை.

மூச்சு பழைய ஒழுங்குக்கு வந்தபின் அழுகாச்சி அக்கா ஸ்டூடியோவுக்குப் போனாள். தம்பி எழுந்து நின்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, அன்னைக்குப் பதிவானது அப்படியே இருக்கு. டைரக்டர் கேட்டுட்டு, இதையே வெச்சுக்கலாம்னு சொல்றார். உங்ககிட்ட கேட்காம எதுவும் பண்ணமாட்டேன்னுட்டேன்."

"போடு, கேட்கலாம்."

அவள் தன் சாவைக் கேட்டாள். பைரவர் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். இழுப்பு, கீச்சொலி, மேஜையில் ஹெட்ஃபோன் விழும் சத்தம். அதற்கப்புறம், மைக்கில் மெல்லியதாகத் தொற்றியிருந்த அந்தக் குரல்: பிரமாதம்க்கா, அப்படியே போங்க, நிறுத்தாதீங்க.

தம்பியின் காது சிவந்தது. அவனே கையை நீட்டி அந்தப் பதிவை அழித்தான். "டைரக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்க்கா" என்றான்.

"அதுல என்ன இருக்கு, எனக்கு அதுக்குச் சம்பளமும் வேணாம், பேரும் வேணாம். அது நான் நடிச்சது இல்லையே" என்றாள். "வா, இப்ப ஒழுங்கா சாகறேன்."

வளையலைக் கழற்றினாள், செருப்பை விட்டாள், பிஸ்கட் கடித்தாள். பையும் வெளியேதான். ஆனால் இன்ஹேலர் மட்டும் ஒரு துணிமேல் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. புது விதி ஒன்றும் போட்டார்கள்: நிஜமாக முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும்.

திரையில் தாய் சரிந்தாள். அவள் இழுத்தாள். நெஞ்சு அகலத் திறந்து வாங்கிக்கொண்டது, கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. அந்தச் சுகத்திலேயே அவள் அற்புதமாகச் செத்தாள். விக்கினாள், தவித்தாள், மகன் பெயரில் முதல் எழுத்து உதட்டோடு நின்றுபோக, கடைசி மூச்சை நீளமாக இழுத்து அப்படியே அடங்கினாள். பைரவர் சரியான இடத்தில் குரைத்து, சரியான இடத்தில் ஊளையிட்டு நிறுத்தினார்.

ஓகே என்ற குரல் வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி காலி. தம்பி பதிவு அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். மேஜையிலிருந்த இன்ஹேலரை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தான்.

"கையைத் தூக்கவே இல்லையே தம்பி நான்."

"தெரியும்க்கா. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருந்தாலும் கால் நிக்கல."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தத் தடவை வந்த கண்ணீர் நிஜம், அதை அவள் யாருக்கும் விளக்கவில்லை.

"சரி, டேக் ஓகேவா?"

தம்பி திறந்து கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நான் உள்ள வந்தப்ப கதவு சத்தம் விழுந்துடுச்சுக்கா."

"கதவைச் சாத்திட்டுப் போய் உட்காரு" என்றாள் அழுகாச்சி அக்கா, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே. "இன்னொரு தடவை செத்துட்டு வீட்டுக்குப் போறேன்."